வெளியூரில் நிற்பானா?

தை அறுவடை முடிந்து, களத்து மேட்டில் வைக்கோல் போர் உயர்ந்துகொண்டிருந்த ஒரு மாலை வேளையில், எங்கள் ஊர்க் குடியானவர் ஒருவர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"ஸார், நம்ம பையன் வாலிபால் நல்லா ஆடுறான்னு ஊர்ல எல்லாரும் சொல்றாங்க. சர்க்கார் விளையாட்டு விடுதியில சேர்த்தா சோறு போட்டுப் படிக்கவும் வச்சு ஆட்டமும் சொல்லிக் கொடுக்கிறாங்களாம். நீங்க ஒண்ணு மட்டும் சொல்லுங்க, ஸார். இவன் வெளியூர்ல நிப்பானா?"

இருபது வருஷத்துக்கு மேலாகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். பள்ளியில் டிரில் மாஸ்டர் இல்லாத காலங்களில் ஊதுகுழலை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆட்டக்களத்திலும் நின்றிருக்கிறேன். பையன் கணக்கில் தேறுவானா என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லுவேன். இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்கு வாய் எழவில்லை. "இரண்டு மாதம் தவணை கொடுங்கள், ஐயா, சொல்கிறேன்" என்று அனுப்பி வைத்தேன்.

தவணை கேட்டதற்குக் காரணம் உண்டு. பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் இதே கேள்வியை வேறொரு தகப்பனார் என்னிடம் கேட்டார். அப்போது நான் ஒரு கணமும் யோசிக்காமல், "ஜில்லாவிலேயே அவனுக்கு இணை கிடையாது, அவனை எடுக்காமல் வேறு யாரை எடுப்பார்கள்?" என்று சொன்னேன். சொன்னது பொய்யல்ல. அந்தப் பையன் வலைக்கு மேலே எழும்பிப் பந்தை அடித்தால் எதிர்க்கட்சியார் பந்தைப் பார்ப்பதற்கு முன் புழுதியைத்தான் பார்ப்பார்கள். ஆனால் தேர்வுக்குப் போன இடத்தில் அவனைப் போல் அடிக்கிறவர்கள் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். அவர்களில் பாதிப் பேர் அவனைவிட ஒரு சாண் உயரம். அன்று மாலையே திரும்பி வந்தவன் அப்புறம் பந்தைத் தொடவில்லை. ஆட்டக்களம் வழியாக வீட்டுக்குப் போவதைக் கூட விட்டுவிட்டு, ஊரைச் சுற்றிக்கொண்டு வாய்க்கால் கரையோடு போவான். அவனைத் தோற்கடித்தவர்கள் அந்த நாற்பது பேர் அல்லர்; என் வாய்ச்சொல்தான் என்று எனக்கு வெகு நாட்களுக்குப் பிறகு புரிந்தது.

'ஜில்லாவிலேயே இணை கிடையாது' என்பது என்ன அளவு? படியா, மரக்காலா? ஜில்லா என்ற சொல்லே எங்கள் பக்கத்தில் சுருங்கிக்கொண்டு வந்திருக்கிறது. பழைய தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து 1991-ல் நாகப்பட்டினம் பிரிந்தது; 1997-ல் திருவாரூர் தனியாயிற்று; 2020-ல் மயிலாடுதுறையும் தனி ஜில்லாவாயிற்று. முன்னே ஒரு ஜில்லாவுக்கு ஒரு வெற்றிக் கோப்பை என்றிருந்தது, இப்போது அதே நெல் வயல்களுக்கு நடுவே நாலு கோப்பைகள் இருக்கின்றன. ஆட்டம் நாலு மடங்கு உயர்ந்துவிட்டதா என்றால், கோப்பை செய்கிற கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

எந்த ஊர்க்காரரும் தம் ஊர்ப் பையன்களைப் புலிகள் என்று நினைப்பது இயற்கை. இந்த ஆட்டம் பிறந்த அமெரிக்கா தேசத்திலும் இதே கதைதான். 1895-ம் வருஷத்தில் ஹோலியோக் என்னும் ஊரில் ஒய்.எம்.ஸி.ஏ.யைச் சேர்ந்த வில்லியம் மார்கன் என்பவர், கூடைப்பந்தின் முட்டல் மோதல் தாங்காத நடுத்தர வயதுக்காரர்களுக்காக இதைக் கண்டுபிடித்தார். இன்று அந்தத் தேசத்தை 40 வட்டாரங்களாகப் பிரித்துச் சிறுவர் சங்கங்களை ஆட வைக்கிறார்கள். ஆயினும், எந்த வட்டாரத்தில் போட்டி கடுமை என்பதை ஒவ்வொரு வட்டாரத்துப் பெற்றோரும் தம் வட்டாரத்தை முன்னிறுத்தியே பேசுவார்களாம். ஆகையால் திருவையாற்றுக்கருகே குடமுருட்டிக் கரையில் உட்கார்ந்திருக்கும் நாங்கள் அப்படி நினைத்ததில் அதிசயமில்லை.

நமது தமிழ்நாட்டுக்கு இந்த ஆட்டம் புதிதன்று. 1920-ல் ஹாரி பக் என்பவர் சென்னையில் ஒய்.எம்.ஸி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை ஏற்படுத்தினார். அங்கே தேறி வந்த டிரில் மாஸ்டர்கள் பள்ளிக்கூடங்கள்தோறும் பந்தையும் வலையையும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சுதந்திரம் வந்த பிறகு, 1951-ல் அகில இந்தியச் சம்மேளனம் தோன்றியது. அதன் முதல் தேசியப் பந்தயம் மறு வருஷம் நடந்ததும் சென்னையிலேதான். 1961-ல் அர்ஜுனா விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது, கைப்பந்துக்காக அதைப் பெற்றவர் தமிழ்நாட்டு ஆட்டக்காரர் ஏ. பழனிசாமி. ஆனால் தாத்தா யானை ஏறியதற்குப் பேரன் முதுகைத் தடவிப் பார்த்து என்ன பயன்?

ஆகவே, தகப்பனாரிடம் வாங்கிய தவணைக்குள் அந்தப் பையனையும், அவன் ஆடும் எங்கள் ஊர் வாலிபர் சங்கத்தையும் வெளியூர் அழைத்துச் சென்று பார்ப்பதென்று தீர்மானித்தேன். பரீட்சை முடிந்ததும் சித்திரையில், தெற்கே திருச்செந்தூர் பக்கத்து ஊர் ஒன்றில் கோயில் கொடையை ஒட்டி இராப் பந்தயம் நடப்பதாகத் தெரிந்தது. கட்டணம் கட்டினோம், ஊரில் வசூல் செய்து வேன் ஒன்று அமர்த்தினோம்.

வேனை ஓட்டி வந்தவன் யார் தெரியுமா? பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் என் வாய்ச்சொல்லை நம்பித் தேர்வுக்குப் போய் வந்த அதே பையன்தான். இப்போது அவன் பையனல்லன். இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். சொந்தமாக வேன் வைத்திருக்கிறான். வேறு வண்டி கிடைக்காமல்தான் அவனிடம் போனேன். "வாடகைக்கு வரேன், ஸார். ஆட்டம் பார்க்க வரல்லே" என்றான். சரி என்றேன்.

அந்தச் சீமையைக் கண்ணால் பார்த்தபோதே பாதிப் பாடம் கிடைத்துவிட்டது. செம்மண் தேரி, பனை மரங்கள், தண்ணீர் காணாத பூமி. எங்கள் கண்ணுக்குப் பாலைவனம் போலிருந்த அந்த மண், பந்தாட்டத்துக்குச் சொர்க்கம். சேறு கிடையாது, நடவு கிடையாது, வருஷத்தில் பெரும்பாலான மாலைகளில் வலையைக் கட்டலாம். தேசியச் சம்மேளனத்தின் தலைவராக இருந்து இந்த ஆட்டத்தை வளர்த்த சிவந்தி ஆதித்தனாரின் பூர்வீகமும் அந்தப் பக்கந்தான். அங்கே சிறு பிள்ளைகள் கோட்டுக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிக் கொடுத்தே ஆட்டத்தைக் கற்றுக்கொள்கிறார்கள்.

முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். முதல் செட்டு 25-17; இரண்டாவது 25-16.

திரும்புகிற வழியில் எங்கள் பையன்களில் ஒருவன், "பரவாயில்லே ஸார், பதினேழு எடுத்துட்டோமே" என்றான். இங்கேதான் கணக்கு வாத்தியார் குறுக்கே வர வேண்டியிருந்தது. முன் காலத்தில் செட்டுக்கு 15 புள்ளி. பந்தைப் போடுகிற கட்சிக்கு மட்டுமே புள்ளி உண்டு. அப்போது பலவீனமான கட்சி 15-2 என்று தோற்று, தன் நிலைமையை உள்ளபடி தெரிந்துகொள்ளும். 1998-ல் சர்வதேசச் சம்மேளனம் விதியை மாற்ற முடிவு செய்தது. இப்போது யார் பந்தைப் போட்டாலும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி. ஆகையால் இன்றைக்குத் தோற்கிறவனுக்கும் கணிசமாகப் புள்ளி விழும். 25-17 என்றால் மொத்தம் 42 பந்துகள். அதாவது பத்தில் ஆறு அவர்களுக்கு, நாலு நமக்கு. இந்த விகிதத்தில் ஆடினால் நூறு நாள் ஆடினாலும் ஏறக்குறைய எல்லா நாளும் நாம்தான் தோற்போம். புள்ளிப் பலகை நம்மைத் தேற்றுகிறதே தவிர, உண்மையைச் சொல்வதில்லை.

ஆனால் இதே கணக்கை இன்னொரு பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். பத்தில் ஒரே ஒரு பந்தை அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டால் ஐந்துக்கு ஐந்து, சரிசமம். இரண்டு சீமைகளுக்கு நடுவே உள்ள தூரம் பத்துக்கு ஒரு பந்து! அந்த ஒரு பந்தை அவர்கள் எங்கிருந்து சம்பாதித்தார்கள் என்பதுதான் கேள்வி.

உயரத்தாலா? அந்த ஊர்ப் பையன்கள் எங்களைவிட உயரமில்லை. உணவாலா? நெல் விளைகிற பூமி எங்களுடையது. எனக்குத் தோன்றுகிற காரணம் வேறு. ஒரு பையன் சைக்கிளில் போய் வரக்கூடிய தூரத்துக்குள் அவனைத் தோற்கடிக்கக் கூடியவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஒரு சீமையின் ஆட்டத்தை அளக்கும் மரக்கால் அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

மலையாளத்தில் மலபார்ப் பக்கத்தைப் பாருங்கள். கண்ணூர் ஜில்லாவில் பேராவூர் என்ற மலையோரத்து ஊரில் ஒரே வீட்டில் எட்டுச் சகோதரர்கள் கைப்பந்து ஆடினார்கள். அவர்களில் ஒருவர்தான் ஜிம்மி ஜார்ஜ். 1976-ல் அர்ஜுனா விருது பெற்றார். இத்தாலி தேசத்துச் சங்கங்களே அவரை அழைத்து ஆட வைத்தன. 1986-ல் ஸியோல் ஆசிய விளையாட்டில் நமது தேசம் வெண்கலம் வென்றபோது அந்தக் கோஷ்டியில் இருந்தார். மறு வருஷமே இத்தாலியில் மோட்டார் விபத்தில் மாண்டார் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. அவர் பிறவி மேதை என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் அவருக்கு ஆட்டத் துணை தேட வீட்டு வாசலைத் தாண்ட வேண்டியிருக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

சென்னைப் பட்டணத்தின் சங்கதி வேறு. அங்கே ரயில் பெட்டித் தொழிற்சாலையும், இந்தியன் ஓவர்ஸீஸ் பாங்கியும் ஆட்டக்காரர்களுக்கு உத்தியோகம் கொடுத்துக் கோஷ்டி வைத்திருக்கின்றன. நன்றாக ஆடினால் சம்பளம் உண்டு என்று தெரிகிற இடத்தில், பல ஜில்லாக்களின் கெட்டிக்காரர்களும் வந்து குவிகிறார்கள். வந்தவர்கள் ஒருவரையொருவர் தினமும் தோற்கடிக்கிறார்கள். தென்கோடிச் சீமைக்கு மண் உதவியது. மலபாருக்கு வீடும் ஊரும் உதவின. பட்டணத்துக்கு உத்தியோகம் உதவியது. வழி மூன்று, முடிவு ஒன்று. மூன்று இடங்களிலும் தோற்பதற்கு ஆள் பஞ்சமில்லை.

எங்கள் காவிரி நாட்டின் நிலைமையை இனிச் சொல்கிறேன். எங்களுக்கு ஆட்டக்களத்தைக் கொடுப்பவளும் காவிரி, எடுத்துக்கொள்பவளும் காவிரி. கோடையில் குடமுருட்டி வற்றிக் கிடக்கும்போது ஆற்று மணலில் கம்பம் நட்டு ஆடுகிறோம். ஜூன் 12-ந் தேதி மேட்டூர் அணையைத் திறப்பது வழக்கம்; நீர் இருப்பைப் பார்த்து முன்பின் ஆவதும் உண்டு. கல்லணை தாண்டித் தண்ணீர் வருகிறதென்று கேட்டதும், ஊரே சந்தோஷத்தில் திளைக்க, எங்கள் பையன்கள் மட்டும் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு கரையேறுவார்கள். பிறகு குறுவை, அதன் பின் சம்பா, தாளடி. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. ஊர்த் திடல் சேறு. தையில் அதே திடலில் நெல் காயும். மாசி தொடங்கி வைகாசி வரை நாலு மாதங்கள்தாம் மிச்சம். அதிலும் பாதியைப் பரீட்சை விழுங்கிவிடும்.

இதற்கு மேல் ஒரு வேடிக்கை. பள்ளிக்கூடங்களின் பந்தயங்கள், குறுவட்டம், ஜில்லா, மாநிலம் என்று படிப்படியாக நடப்பவை, ஜூனில் பள்ளி திறந்த பிறகுதான் ஆரம்பமாகின்றன. எங்களுக்குக் களம் போன பிறகு பந்தயம் வருகிறது! தஞ்சாவூர் நகரத்தில் அன்னை சத்யா விளையாட்டரங்கம் இருக்கிறது. ஆனால் ஆற்றங்கரைக் கிராமத்துப் பையன் தினமும் பஸ்ஸேறி அங்கே போய் ஆடிவிட்டு எப்போது வீடு திரும்புவது? ஆகவே பக்கத்து ஊர்க் கோஷ்டிகள் மூன்று நாலுதான் எங்களுக்குத் தெரிந்த உலகம். அவர்களை வென்றுவிட்டால் உலகத்தை வென்ற மாதிரி.

இதைச் சாக்காகச் சொல்லவில்லை. ஜப்பான் தேசத்தில் கைசுகா என்னும் ஊரின் நூற்பாலையில் வேலை செய்த பெண்கள், வேலை முடிந்த பிறகு இரவு வெகு நேரம் வரை பயிற்சி செய்து, 1964-ல் டோக்கியோ ஒலிம்பிக் பந்தயத்தில் உலகத்தை வென்றார்கள். அந்த வருஷந்தான் ஒலிம்பிக்கில் கைப்பந்து முதன்முதலாகச் சேர்ந்தது. குறை எங்கே என்று தெரிந்தவர்களுக்கு அதை நிவர்த்திக்க வழி பிறக்கும். எனக்கே இணையில்லை என்று இருப்பவர்களுக்கு எந்த வழியும் பிறக்காது.

இனி அந்தப் பையனைப் பற்றி. தெற்கே நடந்த ஆட்டத்தில் அவன் பிரமாதமாக ஆடினான் என்று சொல்ல மாட்டேன். முதல் செட்டில் அவன் அடித்த பந்துகள் தடுப்பில் பட்டுத் தொடர்ச்சியாக மூன்று முறை அவன் காலடியிலேயே விழுந்தன. எங்கள் பக்கத்தில் அவனுக்கு அப்படி நேர்ந்ததே இல்லை. முகம் கறுத்துப் போயிற்று. பழைய கதை திரும்புகிறதென்று நான் பயந்தேன். ஆனால் இரண்டாவது செட்டில் அவன் ஓங்கி அடிப்பதுபோல் எழும்பி, தடுப்பவர்களின் தலைக்கு மேலே பந்தை மெதுவாகத் தட்டிவிட்டான். இரண்டு முறை பலித்தது. மூன்றாவது முறை அவர்கள் கண்டுகொண்டார்கள். அப்போது அவன் சிரித்தான்.

தோற்ற பிறகு மற்றப் பையன்கள் வேனில் படுத்துத் தூங்கிவிட்டார்கள். இவன் மட்டும் இரவு இரண்டு மணி வரை கயிற்றோரம் உட்கார்ந்து மற்றக் கோஷ்டிகளின் ஆட்டங்களைப் பார்த்தான். வேன்காரன் 'ஆட்டம் பார்க்க வரல்லே' என்றவன், எப்போது வந்தானோ தெரியவில்லை. பையனுக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தான். இருவரும் ஏதோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கிட்டே போகவில்லை.

காலையில் மதுரை தாண்டி வரும்போது பையன் என்னிடம் சொன்னான்: "ஸார், நாங்க பந்து வலையைத் தாண்டினப்புறம் நகர்றோம். அவங்க, எதிராளி கையைத் தூக்கும்போதே நகர்ந்துடறாங்க. அதான் ஸார் வித்தியாசம்."

பத்துக்கு ஒரு பந்து எங்கே இருக்கிறதென்று நான் கணக்குப் போட்டுத் தேடியதை அவன் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட்டான். ஊர் வந்து சேர்ந்ததும் நானே அவன் தகப்பனாரைத் தேடிக்கொண்டு போனேன்.

"ஐயா, வெளியூரில் இவனைவிடக் கெட்டிக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள். தேர்வில் எடுப்பார்களா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் தோற்றால் ஓடி வருகிறவன் இல்லை இவன். தோற்ற இடத்தில் உட்கார்ந்து பார்க்கிறான். அந்த அர்த்தத்தில், நிற்பான்" என்றேன்.

அவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். "அது போதும், ஸார்" என்றார்.

அந்த வருஷம் விடுதித் தேர்வில் அவனை எடுக்கவில்லை. திரும்பி வந்த அன்று மாலை அவன் நேராக ஆற்று மணலுக்குத்தான் போனான். அன்றிலிருந்து எங்கள் வாலிபர் சங்கம் ஓர் ஏற்பாடு செய்துகொண்டது. கோடை மாதங்களில் பதினைந்து நாளைக்கு ஒரு முறை, நம்மை நிச்சயமாகத் தோற்கடிக்கக் கூடிய ஊராகப் பார்த்துப் போய் ஆடி வருவது. வேன்காரன் டீஸல் செலவுக்கு மேல் காசு வாங்குவதில்லை. இப்போது அவனே தடுப்பும் சொல்லிக் கொடுக்கிறான். ஆட்டக்களம் வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறான். தோல்விகள் இன்னும் தோல்விகளாகத்தான் இருக்கின்றன. ஆனால் சில இடங்களில் 25-17 என்பது 25-22 ஆகியிருக்கிறது. பையன் இரண்டு வருஷங்களுக்குப் பின் திருச்சியில் கல்லூரியில் சேர்ந்து அங்கே கோஷ்டியில் இடம் பெற்றான். பாதி ஆட்டங்களில் வெளியேதான் உட்கார்ந்திருக்கிறான் என்று அவனே சொல்லுகிறான். சொல்லும்போது குரலில் வருத்தமில்லை.

இதைப் படிக்கும் குடும்பங்களில் பந்தாடும் பிள்ளைகள் எத்தனை பேரோ, நான் அறியேன். ஆனால் பள்ளியில் முதல் மார்க் வாங்கும் பிள்ளையும், சபையில் பாடிக் கைதட்டல் வாங்கும் பெண்ணும் இல்லாத வீடு அபூர்வம். அவர்களை நாம் எந்த மரக்காலால் அளக்கிறோம்? தெருவுக்குள் அளந்துவிட்டு உலகத்துக்கே அளந்ததாகச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். பிறகு உலகம் வேறு கணக்குச் சொல்லும்போது பிள்ளை நம்மை நம்புவதா, உலகத்தை நம்புவதா என்று திகைக்கிறது. 1958-ல் டோக்கியோவில் வெண்கலம், 1962-ல் ஜகார்த்தாவில் வெள்ளி, 1986-ல் ஸியோலில் வெண்கலம் என்று நமது தேசம் இந்த ஆட்டத்தில் ஆசியாவில் தலைநிமிர்ந்த நாட்கள் உண்டு. ஒரு சீமைக்காரர்கள் மட்டும் ஆடி அவை கிடைக்கவில்லை. பல சீமைக்காரர்கள் பந்தயங்களில் ஒருவரையொருவர் தோற்கடித்துத் தேறி, பிறகு ஒரே வலைக்கு ஒரே பக்கத்தில் நின்றதால் கிடைத்தன.

போன மாதம் அந்தத் தகப்பனாரை வயல் வரப்பில் பார்த்தேன். பையன் எப்படி இருக்கிறான் என்று விசாரித்தேன்.

"நின்னுட்டான், ஸார்" என்று சொல்லிவிட்டு, மடையைத் திருப்பக் குனிந்தார்.